உள்ளூர்க்காரர் விலை: அப்பாவோடு திருகோணமலையில் ஐந்து நாள்

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடித்து, விடிய ஐந்தரைக்குத் திருகோணமலையில் இறங்கினோம். வழி முழுக்க ஏசித் துவாரத்திலிருந்து தண்ணீர் அப்பாவின் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. கண்டக்டர் பழைய பேப்பரை மடித்துச் செருகிப் பார்த்தார். ஹபரணை வரை தாங்கியது. அதன் பிறகு நான் துவாயைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது எனக்குக் கை விறைத்திருந்தது. அப்பாவின் சட்டையை ஒரு பக்கம் பிழிந்தே எடுக்கலாம்.

அப்பாவுக்கு 74 வயது. 1986இல் இந்த ஊரை விட்டுப் போனவர். இடையில் இரண்டு தடவை வந்தார், இரண்டும் செத்தவீட்டுக்கு. ஊரைப் பார்க்க என்றே வந்தது இதுதான் முதல் தடவை. போன வருடம் தொடக்கம் கால் நோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் என்பதால், நடை குறைவாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணியிருந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல், கிழங்குக் கறி. பால் தேத்தண்ணியோடு இரண்டு பேருக்கும் 680 ரூபாய். சொதி முடிய முடியக் கேட்காமலே ஊற்றினார்கள். கல்லாவில் இருந்தவர் அப்பாவின் ஈரச் சட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் காய்ந்த துவாய் ஒன்று கொண்டுவந்தார். "ஐயா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அப்பா தன் தெருவைச் சொன்னார். "அப்ப எங்கட ஆள்தானே" என்றுவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். அப்பா அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டார்.

பகலில் வெளிக்கிட முடியாது. கச்சான் காற்றுக் காலம், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. காற்று அடிக்கும், ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்பது போலத்தான் இருக்கும். நாலரைக்குப் பிறகு ஏகாம்பரம் மைதானப் பக்கம் போனோம். அப்பா இளவயதில் பந்தடித்த இடம், இடது விங். பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்குச் சட்டை, மற்றப் பக்கத்துக்கு வெறும் மேல். அப்பா வேலியைப் பிடித்தபடி நின்றார். போவமா என்று கேட்கும்போதெல்லாம் "இரு, இந்தக் கோணர் முடியட்டும்" என்றார். ஐம்பது நிமிடம் நின்றோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நானும் அப்பாவும் லண்டனில் ஒரு உதைபந்துக் கிளப்பின் ஆட்டங்களுக்கு 21 வருடம் சீசன் டிக்கட், அதாவது பருவம் முழுக்க ஒரே இருக்கை, வைத்திருந்தோம். எனக்குப் பதினாறு வயதில் தொடங்கியது. அப்பாவுக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். முன்வரிசையில் ஒரு தாயும் மகனும். தபால்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதற்பாதி முடியும் நேரம் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை வரிசை நெடுக அனுப்புவார். அது கடைசி ஆள் வரை போய்த் திரும்பும்போது வெறும் தாள்தான் இருக்கும். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். அப்பா தன் சிநேகிதர் என்று வாயால் சொன்ன ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். ஆனால் இரண்டு பேரும் மைதானத்துக்கு வெளியே சந்தித்ததே இல்லை. வீட்டு விலாசமும் தெரியாது. தேவைப்படவும் இல்லை, இருக்கை அங்கேதானே இருந்தது.

2024இல் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் பகுதியில் முதியோருக்கும் சிறுவருக்கும் இருந்த சலுகை விலை இனி இல்லை. அப்பாவின் டிக்கட் ஒரே அடியில் இரண்டு மடங்கை நெருங்கியது. தபால்காரர் விட்டுவிட்டார். தாயும் மகனும் விட்டார்கள். அப்பாவுக்கும் சேர்த்து நான் கட்டுகிறேன் என்றேன். "வேண்டாம் பிள்ளை. எனக்குக் கால் நோகுது. அந்தப் படியெல்லாம் இனி ஏற ஏலாது" என்றார். நம்பினேன். தனியே போக மனம் வராமல் நானும் விட்டேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் கோணேசர் கோயில். வெள்ளிக்கிழமைக் கூட்டம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஓட்டோ பிடிப்போம் என்றேன், அப்பா அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் திரிகின்றன. ஒன்று என் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போனது. பூக்கடைக்கார அம்மா எழும்பி வந்து வேறு பழம் வைத்தார், காசு வாங்கவில்லை. "மான் எடுத்ததுக்கு எப்பிடிக் காசு வாங்கிறது" என்றார். பூசை முடிந்து இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பார்த்தோம். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம்.

மத்தியானம் சோறு, விளைமீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், 1,900 ரூபாய். மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் வறுத்த கச்சான் (வேர்க்கடலை) சுருள் 100 ரூபாய். சின்னச் சுருள்தான், ஆனால் சுடச்சுட.

உப்புவெளியில் நாங்கள் தங்கிய விடுதியில் இரவு யாரும் படுக்கவில்லை. இங்கிலாந்து உதைபந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் புதுப் பருவம் இன்றைக்குத் தொடங்குகிறது. லிவர்பூலும் போர்ன்மவுத்தும், லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில். எங்களைக் காலையில் கோயிலிலிருந்து ஏற்றி வந்த ஓட்டோத் தம்பி லிவர்பூல் சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இங்கே நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை. பனடோலும் பிளேன்டீயுமாக இருந்த சமையல்காரர், இரண்டு மீனவத் தம்பிமார், அப்பா, நான். விடுதிக்காரர் ஒரு தட்டு றோல்ஸ் கொண்டுவந்து வைத்தார்.

தம்பியின் சட்டை உள்ளூரில் தைத்தது, 1,800 ரூபாயாம். அதற்கும் பின்கழுத்தில் இரண்டு தீபச் சுவாலைக்கு நடுவே 97 என்ற எண்ணை விடாமல் பதித்திருந்தார்கள். என்ன எண் தெரியுமா என்று அப்பா கேட்டார். தெரியும் என்றார் தம்பி. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம், நெரிசலில் செத்த லிவர்பூல் ஆதரவாளர்கள். நான் சொல்லாமலே திகதியோடு சொன்னார். தான் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கு முந்திய சாவு அது.

அப்பா அதற்குப் பிந்திய கதையைச் சொன்னார். அந்தச் சாவுகளை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990இல் அறிக்கை கொடுத்தார். நின்று பார்க்கும் படிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போடுங்கள் என்றார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. இருக்கை போட்டதைச் சாட்டி விலையை ஏற்றத் தேவையில்லை, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்தான் எடுக்கிறார்கள் என்று உதாரணமும் காட்டினார். கிளப்புகள் முதற்பாதியைச் செய்தன. இரண்டாம் பாதியை மறந்தன. அந்த 6 பவுணுக்கு இத்தனை வருட விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தாலும் இன்றைக்கு 15, 20 பவுண்தான் வரும். ஆனால் போன வருடக் கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் பருவத்தின் நடுவிலேயே மிச்ச டிக்கட்டுகளை 66 பவுண் ஆக்கியது. பிள்ளைக்கும் கிழவருக்கும் அதே 66.

"எங்கட காசுக்கு?" என்று தம்பி கேட்டார். ஒரு பவுண் அப்போது 400 ரூபாய் அளவில் நின்றது. 26,400 ரூபாய் என்றேன். அவர் விசிலடித்தார். பிறகு, "எண்டாலும் ஒருக்காப் போகணும் அக்கா. ஒரு வருசம் சேத்தா முடியும்" என்றார்.

எனக்கு அந்த நேரம் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஏனென்றால் எங்கள் இருக்கைகளில் இப்போது வந்து உட்காருகிறவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். வாழ்நாளில் ஒரு தடவை வருகிறவர்கள், எந்த விலையும் கொடுப்பவர்கள். அவர்களுடைய அன்பு பொய்யில்லை. இந்தத் தம்பியின் அன்பில் யார் குறை சொல்ல முடியும்? பிழை அவரிடம் இல்லை. அவருடைய ஒரு நாள் ஆசையை அளவுகோலாக வைத்து, வருடம் பத்தொன்பது தடவை மழையிலும் குளிரிலும் வருகிற தபால்காரருக்கு விலை போடுகிறார்களே, அங்கேதான் பிழை.

லிவர்பூல் இரண்டு கோல் முன்னால் நின்றது. போர்ன்மவுத்தின் செமென்யோ ஒன்று அடித்தார். பிறகு 76ஆவது நிமிடத்தில் தனியே ஓடிவந்து இன்னொன்று. 2-2. தம்பி தலையில் கை வைத்தார். மூலையில் கடிகாரம் 77 காட்டியபோது அப்பா என்னைப் பார்த்தார்.

2016 பெப்ரவரி 6, இதே ஆன்ஃபீல்ட், சண்டர்லண்டுடன் ஆட்டம். அடுத்த பருவத்தில் புது அரங்கின் உச்ச விலை 77 பவுண் என்று அறிவித்திருந்தார்கள். 77ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போதும் லிவர்பூல் 2-0 முன்னால் இருந்தது. அவர்கள் போன பிறகு சண்டர்லண்ட் இரண்டு கோலும் அடித்து 2-2 ஆக்கியது. நாலு நாளில் கிளப் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 போய், உச்ச விலை பழைய 59இலேயே நின்றது. அதே கிழமை ஜெர்மனியில் டோர்ட்மண்ட் ஆதரவாளர்கள் ஸ்டுட்கார்ட்டில் விலை கூடிப்போனதென்று மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் ஆதரவாளர் (தங்கள் அணியோடு எதிரணியின் மைதானத்துக்கு வருகிறவர்கள்) டிக்கட் 30 பவுணுக்கு மேல் போகக் கூடாது என்று வந்தது, இன்றைக்கும் அது நிற்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை. வெளியூர்க்காரருக்கு முடிந்தது, சொந்த ஊர்க்காரருக்கு மட்டும் முடியவில்லை.

88ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் கியேசா, கடைசியில் சலா. 4-2. தம்பி அழுதுவிட்டார். ஜூலையில் விபத்தில் போன லிவர்பூல் வீரர் ஜோட்டாவை நினைத்து என்றார். இரண்டரை மணிக்கு எங்களுக்கும் ஒரு பிளேன்டீ தந்து அனுப்பினார்கள்.

16 ஆகஸ்ட், சனி

பிந்தி எழும்பினோம். நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து படகில் புறாமலைத் தீவு. 2003 தொடக்கம் தேசியப் பூங்கா. கரைக்குக் கிட்டவே முருகைக்கல் (பவளப்பாறை). முழங்கால் ஆழத்தில் கறுப்புச் செட்டைச் சுறாக் குட்டிகள் காலுக்குப் பக்கத்தில் வந்து திரும்பின. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார்.

டிக்கட் கவுண்டரில் எங்களுக்கு வெளிநாட்டவர் விலை, பிரித்தானியக் கடவுச்சீட்டு. வரிகளோடு ஆயிரக்கணக்கில் வந்தது. எங்களுக்குப் பின்னால் கந்தளாயிலிருந்து வந்த ஒரு குடும்பம், பாட்டி, நாலு பிள்ளைகள். அவர்களுக்கு நுழைவு விலை அதில் மிகச் சிறு பங்கு. கவுண்டரில் இருந்தவர் எங்களிடம் கூச்சப்பட்டுக்கொண்டே, "நீங்களும் தமிழ் ஆக்கள்தான், ஆனா சட்டம் இப்பிடி" என்றார். அப்பா காசை எண்ணி வைத்துவிட்டு, "சரியான சட்டம் தம்பி" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்க்க வருகிறவனுக்கு ஒரு விலை, பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒரு விலை. அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் விலை என்றால் நாலு பிள்ளைகளும் தங்கள் கடலின் முருகைக்கல்லைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்துக் கிளப்புகள் செய்தது இதற்கு நேர் எதிர். எல்லோருக்கும் சுற்றுலா விலை போட்டார்கள். காசில்லாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இந்தப் பருவத்திலிருந்து நாலு வருடத்துக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 670 கோடி பவுண். நேற்றிரவு விடுதிக்காரர் கட்டுகிற சந்தாவிலிருந்து போவது அதற்கு மேலே தனிக் கணக்கு. அப்பாவின் சலுகையில் மிச்சம் பிடித்த காசு இதில் எந்த மூலைக்கு?

திரும்பும்போது படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. கால் மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு வாந்தி. படகுக்காரர் ஒரு கையால் எஞ்சினைக் கழற்றியபடி மறுகையால் தேசிக்காய் எடுத்துத் தந்து மணக்கச் சொன்னார். இரவு எனக்குச் சோடா மட்டும். அப்பா கொத்து ரொட்டி, 850 ரூபாய்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பாவோடு அந்தக் காலத்தில் விளையாடிய மாமா ஒருவர் காலையில் விடுதிக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். "மச்சான், கிண்ணியாவில இண்டைக்கு செமி ஃபைனல். வா" என்றார். அவ்வளவுதான், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் திட்டம் போய்விட்டது.

கிண்ணியாவுக்கு இப்போது பாலம் இருக்கிறது, 2009இல் திறந்தது, 396 மீற்றர். முந்தி பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் இந்தப் பக்கத்தில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை. மாட்ச் முடிந்து பாதையைத் தவறவிட்டு, தோற்ற அணியின் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்த கதையை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். யார் வென்றது என்பதில் மட்டும் ஒத்துவரவில்லை.

மைதானத்தைச் சுற்றித் தகரமும் படங்கும் கட்டியிருந்தார்கள். கோல் வலை மீன்பிடி வலை. வாசலில் மேசை, இரண்டு பையன்கள், ஒரு பிஸ்கட் டின். டிக்கட் 100 ரூபாய். அப்பா முந்நூறை நீட்டினார். பையன் அப்பாவையும் மாமாவையும் நிமிர்ந்து பார்த்தான். இருநூறைத் திருப்பித் தந்தான்.

"அறுவது தாண்டினவங்களுக்கு இல்ல."

"பரவாயில்லை தம்பி, வைச்சுக்கொள்."

"இல்ல வாப்பா, எடுக்க ஏலாது. ஏசுவாங்க." காசை அப்பாவின் சட்டைப்பையில் அவனே வைத்துவிட்டு, ஒரு றப்பர் முத்திரையை எடுத்து அப்பாவின் மணிக்கட்டில் குத்தினான். ஊதா மை, நடுவில் பந்து. அப்பா கையைத் தூக்கிப் பார்த்தார். மை காயும்வரை அந்தக் கையை எதிலும் படாமல் வைத்திருந்தார்.

ஒரு கோலுக்குப் பின்னால் அரைமதில். அதில் வயதான ஆட்கள் வரிசையாக இருந்தார்கள், தொப்பியும் சாரமும் குடையுமாக. இரண்டு பேருக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்கு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஐந்து நிமிடத்தில் ஒரு பொட்டலம் நீட்டினார். கடலை. அது மதில் நெடுகப் போனது. அப்பா ஒரு பிடி எடுத்துவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்தார். பொட்டலம் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் நன்றாகவே இருந்தது. புழுதிக்குள் பந்து சில நேரம் தெரியவில்லை. மைக்கில் விவரித்தவருக்கு எல்லா வீரரின் வாப்பா பெயரும் தெரிந்திருந்தது. மதிலில் இருந்தவர்கள் ரெஃப்ரியை விட்டுவைக்கவில்லை. ஒரு ஓஃப்சைடுக்கு அப்பா எழும்பி நின்று கத்தினார், சுத்தத் தமிழில், நான் அவர் வாயில் கேட்டிராத சொற்களில். மதில் முழுக்கக் கைதட்டியது.

இடைவேளையில் ஒழுங்கமைப்பாளர்களில் ஒருவர் வந்து கதைத்தார். நாற்பது வயது இருக்கும். பந்து, ரெஃப்ரி காசு, அம்புலன்ஸ், எல்லாம் ஏறிவிட்டது என்றார். இறுதியாட்டத்துக்கு ஒரு கடைக்காரர் கூடாரம் போட்டுத் தருகிறார், மெத்தைக் கதிரை போட்டு ஆளுக்கு 1,000 எடுக்கலாமாம். "நல்லதுதானே" என்றேன். நல்லதுதான், ஆனால் அவர் கேட்ட இடம் இந்த மதில் பக்கம் என்றார். இங்கேதான் மாலையில் நிழல் விழும்.

"நாங்க மாட்டோம் எண்டுட்டோம். வெயில் பக்கம் போடச் சொன்னோம். இவங்க எழும்பிப் போனா ஆட்டத்தில சத்தமே இரிக்காது. சத்தம் இல்லாட்டி பொடியன்மார் ஓடமாட்டானுகள்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "அதோட, நான் சின்னதுல இந்த மதில்ல எங்கட வாப்பாட மடியில இருந்துதான் பாத்தது" என்றார்.

கணக்குத் தெரியாத ஆள் இல்லை அவர். கணக்குச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

பெனல்டியில் முடிந்தது. எங்கள் பக்கம் வென்றது. எங்கள் பக்கம் என்று எப்போது ஆனது என்று தெரியவில்லை, மதில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இறுதியாட்டம் அடுத்த ஞாயிறு. கலையும்போது ஒவ்வொருவராக அப்பாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கடலைக்காரர், "ஞாயித்துக்கிழமை உங்கட இடம் இதுதான்" என்று மதிலைத் தட்டிக் காட்டினார்.

மூன்று மணி நேரம். முதுகு சாய இடமில்லாத மதில். அதிலிருந்து அப்பா குதித்து இறங்கினார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் குனிந்து முழங்காலைத் தடவினார்.

"நோகுதா அப்பா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

நேற்று வரும் வழியில் மாமா வாங்கித் தந்த எருமைத் தயிர்ச் சட்டியோடு காலைச் சாப்பாடு. கத்தியால் வெட்டி எடுக்க வேண்டிய தயிர், மேலே கித்துள் பாணி. சட்டி 600 ரூபாய். அப்பா இடது கையால் சாப்பிட்டார். வலது மணிக்கட்டில் ஊதாப் பந்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. குளித்ததற்குப் பிறகும்.

சாப்பிட்டு முடிய, "பிளேன் புதன்கிழமையா?" என்று கேட்டார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் சட்டியைச் சுரண்டினார்.

"அடுத்த கிழமைக்கு மாத்த எவ்வளவு எடுப்பாங்கள் எண்டு ஒருக்காப் பார் பிள்ளை. கனக்க எண்டா வேண்டாம்."

போனில் பார்த்தேன். இரண்டு பேருக்கும் 240 பவுண். மாற்றினேன். ஒன்றும் எடுக்கவில்லை அப்பா, சும்மா மாற்றித் தந்தார்கள் என்றேன்.

"அப்பிடியோ? நல்ல ஆக்கள்" என்றார். பிறகு மாமாவுக்குப் போன் எடுக்க எழும்பினார்.